பொம்மைக் கை வேகும்போது உள்ளே நடப்பது

கையால் உருவம் செய்து அவனில் (oven) வேகவைத்துக் கெட்டியாக்கும் பாலிமர் களிமண்ணில் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள், அவற்றைக் குழைவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற நெகிழ்த்தி, கொஞ்சம் நிறமி. முக்கியமானவை இவ்வளவுதான். பொம்மைக்குக் கையோ முகமோ வீட்டில் செய்கிறவர், நெகிழ்த்தி எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

பொம்மைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயின் மகள் தமக்கென உருவாக்கிய கலவையை 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கியது, அதுதான் ஃபிமோ என்ற பாலிமர் களிமண்.

தண்ணீர் இல்லாததால் கோலாலம்பூரின் ஈரக்காற்று இதை எதுவும் செய்யாது. காற்றில் உலரும் களிமண் இங்கே மழை நாள்களில் காயவே மறுக்கும். இதுவோ காய்ந்து இறுகுவதே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், உடைந்த கொலுப் பொம்மையின் விரல்களை நாள்கணக்கில் நிதானமாகச் செதுக்கலாம். பயப்பட வேண்டியது வெப்பத்துக்குத்தான். முப்பது டிகிரியில் களிமண் தளர்ந்து, மெல்லிய விரல்கள் துவளும். அப்போது கட்டியைத் தட்டையாக்கி இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே சில மணி நேரம் வையுங்கள். தாள் நெகிழ்த்தியில் கொஞ்சத்தை உறிஞ்ச, களிமண் விறைப்பாகும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், வேகத் தொடங்கிவிடும்.

வேகுதல் என்றால் என்ன? ஜவ்வரிசியைப் பாலில் காய்ச்சும்போது மணிகள் பாலை உள்ளிழுத்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவனில் நடப்பதும் அதுவே. சூடு ஏற ஏற, துகள்களைச் சுற்றியிருந்த நெகிழ்த்தி அவற்றுக்குள் புகுகிறது. துகள்கள் வீங்கி, எல்லைகள் அழிந்து, அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பக்கத்துத் துகளின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் ஒரே திடப்பொருள். எதுவும் ஆவியாகிப் போகத் தேவையில்லாததால் அளவு அநேகமாகக் குறைவதில்லை. அளவெடுத்துச் செய்த கை தோள்பட்டைக் குழியில் சரியாகப் பொருந்துவது இதனால்தான்.

வெப்பம் போதாவிட்டால் பின்னல் முழுமையடையாது. மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் விரல் பட்டென்று முறியும். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பி என்ற மற்றொரு வகைக்குச் சுமார் 130. சிறிய மேசை அவன்களின் திருகில் உள்ள எண்ணை நான் நம்பவே மாட்டேன். உள்ளே தனி வெப்பமானி வைத்தே ஆக வேண்டும். கருகினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். உடனே அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தலை போன்ற பருமனான பகுதிக்கு உள்ளே அலுமினியத் தாளை உருட்டி வைத்தால், மேலே பூசிய மெல்லிய அடுக்கு சீராக வேகும்.

ஒரு கை நன்றாக அமைந்தால் அதைச் சிலிகானில் அச்செடுத்து எத்தனை கைகள் வேண்டுமானாலும் வார்க்கலாம். சிலிகான் அவன் சூட்டைத் தாங்கும்.

வேகாத களிமண்ணின் நெகிழ்த்தி பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குள்ளும் நுழையும். பாலிஸ்டைரீன் டப்பா பிசுபிசுத்து உருகும். வினைல் பொம்மையின் உடலிலும் கறை படியலாம். ஆகவே பொம்மைமேல் வைத்து அளவு பார்க்கும்போது நடுவே ஒரு பாலித்தீன் தாளைச் சுற்றுங்கள். நெகிழ்த்தி அதைக் கரைக்காது.