"எப்படி விழுந்தீங்க?"ன்னு ஏன் மூணு பேர் கேக்கறாங்க

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கை உடைஞ்சு போனேன், எப்படி விழுந்தீங்கன்னு டாக்டர் கேட்டார் சரி, அப்புறம் நர்ஸ் கேட்டாங்க, கடைசில இன்னொருத்தர் வந்து எந்த இடத்துல, அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு வேற கேட்டார், மாவுக்கட்டு போடறதுக்கு இதெல்லாம் எதுக்கு?"

மாவுக்கட்டுக்குத் தேவையில்லதான். ஆனா அந்த பதில் ஒரு கோடா மாறுது. ஐசிடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, உலகத்துல இருக்கற அத்தனை நோய்க்கும் ஒரு எழுத்து, ரெண்டு மூணு நம்பர்னு டபிள்யூஹெச்ஓ வெச்சிருக்கற பட்டியல். 1893ல ஜாக் பெர்ட்டியோன்ங்கற பிரெஞ்சுக்காரர் போட்ட இறப்புக் காரணப் பட்டியல்ல இருந்து வளர்ந்தது. 1948ல வந்த ஆறாவது பதிப்புலதான் காயத்தை ரெண்டா பிரிச்சாங்க, உடம்புல என்ன ஆச்சுங்கறது ஒண்ணு, எதனால ஆச்சுங்கறது இன்னொண்ணு. ஐசிடி-10ல முன்கை எலும்பு முறிவுக்கு எஸ்52, படிக்கட்டுல விழுந்ததுக்கு டபிள்யூ10, மரத்துலருந்து விழுந்திருந்தா டபிள்யூ14, நாய் கடிச்சா டபிள்யூ54, விஷப்பாம்புன்னா எக்ஸ்20. எலும்பு ஒண்ணுதான், கதைதான் வேற வேற.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வண்டி விபத்துகளுக்கான வி கோட். இத யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். வாய்ப்பாடு மாதிரி ஒரு கட்டம் போட்டுக்கோங்க. வி-க்கு அடுத்த முதல் நம்பர், அடிபட்டவர் எதுல போனார்ங்கறது: நடந்து போனா 0, சைக்கிள் 1, பைக் 2, மூணு சக்கர வண்டி 3, கார் 4, வேன் 5, லாரி 6, பஸ் 7. ரெண்டாவது நம்பர், எது கூட மோதினார்ங்கறது: ஆள் இல்ல விலங்குன்னா 0, சைக்கிள் 1, பைக்கோ மூணு சக்கர வண்டியோ 2, கார் வேன் 3, லாரி பஸ் 4, ரயில் 5, மோட்டார் இல்லாத மத்த வண்டி 6, நிக்கற பொருள் 7, எதுலயும் மோதாம தானா கவுந்தா 8. அவ்ளோதான், மனப்பாடமே வேணாம். பைக்காரர் கார்ல மோதினா வி23. அதே மோதல்ல கார்ல இருந்தவருக்கும் அடின்னா அவருக்கு வி42. ஒரே சத்தம், ஒரே நொடி, ஆனா ரெண்டு பேருக்கும் கண்ணாடில பாக்கற மாதிரி ரெண்டு கோட். சைக்கிள்காரர் மரத்துல மோதினா என்னன்னு நீங்களே சொல்லிடுவீங்க, வி17.

புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் இன்னும் அழகு. பைக் வரிசைல .4ன்னா ரோட்டுல ஓட்டிட்டு போனவர், .5ன்னா பின்னாடி உக்காந்திருந்தவர், .3ன்னா ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர். பஸ் வரிசைல .7ன்னு ஒண்ணு இருக்கு, வண்டிக்கு வெளிய தொத்திக்கிட்டு போனவருக்கு! யாரோ ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்து அதையும் யோசிச்சிருக்கார் பாருங்க.

காலியா விட்ட கட்டங்களையும் பாக்கணும். டபிள்யூஹெச்ஓவோட ஒரிஜினல் ஐசிடி-10ல வி00 கிடையாது, ஏன்னா நடந்து போற ஆள் இன்னொரு ஆள் மேல மோதறது வண்டி விபத்தே இல்ல, அது டபிள்யூ51க்குப் போயிடும். வி07ம் கிடையாது. நடந்து போய் கம்பத்துல முட்டிக்கிட்டா அது டபிள்யூ22.

இந்த டபிள்யூ22லதான் அமெரிக்காக்காரங்க பூந்து விளையாடினாங்க. ஐசிடி-10-சிஎம்னு அவங்க சொந்தப் பதிப்பு, 2015 அக்டோபர் 1லருந்து நடைமுறைல இருக்கு, சுமார் 70,000 கோட். சுவத்துல முட்டினா ஒண்ணு, விளக்குக் கம்பத்துல முட்டினா ஒண்ணு, டபிள்யூ61க்குப் போனா வாத்து கடிச்சா ஒண்ணு, வாத்து இடிச்சா இன்னொண்ணு. வாத்து கோடைப் பாத்து சிரிக்காத ஆளே இல்ல, நானும் சிரிச்சேன். அதவிட ஃபேமஸ் வி97.33எக்ஸ்டி, ஜெட் எஞ்சின் உள்ள இழுத்துக்கிட்டது, "அடுத்த முறை". ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தவன் மறுபடியும் எப்படிடா போவான்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. அது அப்படி இல்லீங்க, கடைசி எழுத்து விபத்தை எண்ணல, வைத்தியம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்லுது. ஏ-ன்னா முதல் சிகிச்சை நடக்குது, டி-ன்னா அதே காயத்துக்கு ஆறிட்டு வர்ற கட்டத்துல வந்திருக்கார், எஸ்-ன்னா பழைய காயத்தோட பின்விளைவு. நடுவுல இருக்கற எக்ஸ் சும்மா இடத்தை நிரப்ப, பஸ் சீட்ல போட்டு வெக்கற துண்டு மாதிரி. எங்க நடந்துச்சுங்கறதுக்கு ஒய்92, என்ன பண்ணிட்டிருந்தார்ங்கறதுக்கு ஒய்93, ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தா அதுக்குக்கூட கோட் இருக்கு. உங்ககிட்ட மூணாவதா வந்தவர் கேட்டது இதத்தான்.

சிகிச்சைன்னா எலும்புதான் முன்னாடி நிக்கும், எதனாலங்கறது துணைக் கோடா பின்னாடி வரும். ஆள் இறந்துட்டா வரிசை அப்படியே தலைகீழ். இறப்புக் கணக்குல மண்டைல அடிங்கறது மூல காரணம் கிடையாது, பைக்காரர் மேல லாரி மோதின வி24தான் மூல காரணம், ஏன்னா மண்டை அடிய எண்ணி யாரும் ரோட்டை சரி பண்ண முடியாது. உலகத்துல 2021ல சாலை விபத்துல இறந்தவங்க 11 லட்சத்து 90 ஆயிரம்னு டபிள்யூஹெச்ஓ சொல்லுது, அதுல பைக்ல பின்னாடி உக்காந்தவங்க எத்தன பேர்னு ஒரு ஊர் தெரிஞ்சுக்கணும்னா அந்த .5ஐ யாராவது ஒழுங்கா போட்டிருக்கணும்.

போடறாங்களான்னா, அங்கதான் சிக்கல். கோடர், அதாவது இந்தக் கோடைப் போடற ஆள், கற்பனை பண்ணக்கூடாது, சார்ட்ல இருக்கறதத்தான் போடணும். டாக்டர் "ஆர்டிஏ"ன்னு (ரோட் டிராஃபிக் ஆக்சிடென்ட், அதாவது சாலை விபத்து) மூணு எழுத்து கிறுக்கிட்டுப் போயிட்டா, பைக்கா காரா, ஓட்டினாரா பின்னாடி இருந்தாரான்னு எதுவும் தெரியாம வி89.2ன்னு ஒரு பொது மூட்டைல போட வேண்டியதுதான், அதுவும் இல்லாம வெறும் "காயம்"னா எக்ஸ்59. முர்ரே, லோபஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி உதவாத கோட்களுக்கு வெச்ச பேரே குப்பைக் கோட். எனக்கு இதுல கோவம் உண்டு. கோடி கோடியா கொட்டி ஸ்கேன் மெஷின் வாங்குவாங்க, "பைக்ல பின்னாடி உக்காந்திருந்தப்போ வேன் இடிச்சது"ன்னு ஒரு வரி எழுதறதுக்கு ஒரு ஆள் போட காசு இருக்காது. கடைசில நேரம் சரியில்ல, விதின்னு சொல்லிட்டுப் போவோம். வி01லருந்து ஒய்98 வரைக்கும் தேடிட்டேன், விதிக்கு கோட் இல்ல.

கட்டமே ஏமாத்தற இடமும் உண்டு. தண்ணில மூழ்கினதுக்கு டபிள்யூ65லருந்து 74 வரைக்கும் இடம் ஒதுக்கியிருக்காங்க. ஆனா படகு கவுந்து மூழ்கினா அது வி90, வெள்ளத்துல போனா எக்ஸ்38. ஆக நீரில் மூழ்கி இறந்தவங்கன்னு டபிள்யூ வரிசைய மட்டும் கூட்டினா வெள்ளத்துல போனவங்க அந்தக் கணக்குலயே இருக்க மாட்டாங்க. 2022ல அமலுக்கு வந்த ஐசிடி-11ல இதுக்கு வேற வழி பண்ணியிருக்காங்க, எல்லாத்தையும் ஒரே கோட்ல திணிக்காம, எப்படி நடந்துச்சு, எந்தப் பொருள், எந்த இடம்னு தனித்தனி துண்டா வெச்சு சரம் மாதிரி கோக்கற முறை. விழறதையே ஒரு மீட்டருக்குக் கீழ, மேலன்னு பிரிச்சிருக்காங்க. அதனால அடுத்த தடவை நாலாவதா ஒருத்தர் வந்து எவ்ளோ உயரத்துலருந்து விழுந்தீங்கன்னு கேட்டா எரிஞ்சு விழாதீங்க, தோராயமா சொன்னா போதும்.