டிப்ஸ் என்பது உதவிக்குறிப்பும் இல்லை, கட்டணமும் இல்லை

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில், வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காக ஓட்டல் போர்டுகளில் வங்காளமும் இந்தியும் இருக்கும். தமிழ்தான் பாவம். “உதவிக்குறிப்புகள் கட்டாயமில்லை” என்று ஒரு கடையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். சர்வருக்கு என்ன குறிப்பைக் கொடுப்பது? சாம்பாரில் உப்பு கம்மி என்றா? ‘டிப்ஸ்’ என்பதற்குக் கம்ப்யூட்டர் தந்த மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடித்ததன் பலன் இது.

ஆங்கில ‘டிப்’புக்கு யோசனை, கைக்காசு என இரண்டு பொருளும் உண்டு. காசைக் குறிப்பது 17ஆம் நூற்றாண்டில் திருடர்களின் குழூஉக்குறியாக, ‘கொடு’ என்ற பொருளில் வழங்கியது. ஏதோ மூன்று சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்பது வெறும் கதை. நாம் அதன் பன்மையை எடுத்து ‘ஒரு டிப்ஸ்’ ஆக்கிக்கொண்டோம். சரி, போகட்டும்.

உதவிக்குறிப்பைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ‘சேவைக் கட்டணம்’ அப்படியில்லை. டிப்ஸுக்குத் தமிழ் இதுதான் என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். கட்டணம் என்றால் கேட்பவன் தொகையைச் சொல்வான், நாம் கட்டியாக வேண்டும். டிப்ஸோ கொடுப்பவன் மனசு. இந்தக் குழப்பத்தில்தான் சில ஓட்டல்கள் குளிர்காய்ந்தன. பில்லிலேயே பத்து சதவீதம் சேர்த்துவிட்டு, கேட்டால் ‘டிப்ஸ்தான் சார்’ என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டமே பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒட்டிவைக்கிறார்! இன்னொன்று, பில்லில் ஏறும் காசு முதலாளியின் கல்லாவுக்குப் போகும். க்யூஆர் ஸ்கேன் செய்து கூடுதலாகப் போட்டாலும் பெரும்பாலும் அதே கதிதான். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சோம்புத் தட்டில் வைக்கும் இருபது ரூபாய் பரிமாறிய தம்பிக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

அன்பளிப்பு? கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. ஆபீஸ் மேஜைக்கு அடியில் கைமாறுவதற்கும் அதே பெயர்தான். சங்க இலக்கியத்துக் ‘கையுறை’யை மீட்கலாம் என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். பரிசுப்பொருள் என்ற பொருள் அழகுதான், ஆனால் இன்று சர்வருக்குக் கையுறை கொடுத்தேன் என்றால் கிளவுஸ் வாங்கிக் கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள்.

என் ஓட்டு இனாமுக்கு. அரபியில் பிறந்து, பாரசீகம் பேசிய அரண்மனைகள் வழியாக வந்த சொல். நவாப் தலைநகராக இருந்த ஆற்காட்டின் மண்ணில் அதை அந்நியம் என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வரியில்லாமல் கொடுத்த நிலம் இனாம் நிலம். ‘ஏதாவது இனாம் குடுங்க சார்’ என்ற பேச்சை இங்கே யாரும் அகராதி பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. ‘ஓசி’ என்ற வாடை அதில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரபு வேண்டாம் என்று வெகுமதிக்குத் தாவுகிறவர்கள், அது வடமொழி ‘பஹுமதி’ என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இனாமும் பிடிக்காவிட்டால் டிப்ஸ் என்றே எழுதுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. போர்டில் “டிப்ஸ் உங்கள் விருப்பம்” என்று போட்டால் பில் கட்டுகிறவருக்கும் புரியும், தட்டு எடுக்கும் தம்பிக்கும் புரியும்.