ஒரு மேற்கோளை எப்படி எண்ணுவது?

ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல், அது எந்தெந்த முந்தைய கட்டுரைகளைச் சார்ந்தது என்று சொல்கிறது. இப்படி லட்சக்கணக்கான பட்டியல்களைத் திரட்டித் தலைகீழாக அடுக்கினால், ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்களில் யாரெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று தெரிந்துவிடும். அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு இந்த யோசனையை 1955-இல் முன்வைத்தார். 1960-களில் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக உருப்பெற்றது. தொடர்புள்ள ஆய்வுகளைத் தேடிப் பிடிக்கும் கருவியாகத்தான் அது முதலில் கருதப்பட்டது. ஆய்வாளர்களுக்கு மதிப்பெண் போடும் வேலை பிற்பாடு அதன் தலையில் ஏறியது. இன்றைய சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எண்ணுவதற்கு முன் பொருத்த வேண்டும். ஒரு பட்டியலில் ஆண்டு தவறாக இருக்கும், இன்னொன்றில் பக்க எண் மாறியிருக்கும், மூன்றாவதில் ஆய்விதழின் பெயர் வேறு விதமாகச் சுருக்கப்பட்டிருக்கும். மூன்றும் ஒரே கட்டுரையைத்தான் குறிக்கின்றன என்று கணினி கண்டுபிடிக்காவிட்டால் அந்த மேற்கோள்கள் காணாமல் போகும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண் இருந்தால் வேலை எளிது. பழைய கட்டுரைகளைக் குறிப்பிடும் பட்டியல்களில் அது பெரும்பாலும் இருக்காது. ஆய்விதழுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படும் முன்பதிப்பாக ஒரு முறை, ஆய்விதழில் ஒரு முறை என இரண்டு இடங்களில் வெளியான கட்டுரையின் மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. மேற்கோள்களை எண்ணித் தரும் தரவுத்தளங்களான கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் ஒரே கட்டுரைக்கு மூன்று எண்களைக் காட்டுவது இயல்பு. அவை திரட்டும் ஆவணங்களே வேறு வேறு. ஆகவே எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லாமல் தரப்படும் மேற்கோள் எண்ணிக்கையை வேறொன்றோடு ஒப்பிடவே முடியாது.

எண் கையில் வந்த பிறகும் அது தனியாக எதையும் சொல்லாது. உயிரியலில் பட்டியல்கள் நீளம், ஆய்வாளர்கள் அதிகம், மேற்கோள்கள் விரைவில் வந்து சேரும். கணிதத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும். எனவே கட்டுரையை அதே துறை, அதே ஆண்டு, அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அதன் குழுவின் சராசரி 6 என்று வைத்துக்கொள்வோம்: 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2. ஓர் உயிரியல் கட்டுரைக்கு 40 மேற்கோள், குழுவின் சராசரி 50 என்றால் கிடைப்பது 0.8. வெறும் எண்ணிக்கையில் பின்தங்கிய கணிதக் கட்டுரைதான் தன் துறைக்குள் அதிகம் பயன்பட்டிருக்கிறது. ‘அதே வகை’ என்ற நிபந்தனையும் முக்கியம். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் திறனாய்வுக் கட்டுரைகளும், ஆய்வு முறைகளை விளக்கும் செய்முறைக் கட்டுரைகளும் மேற்கோளை வாரிக் குவிப்பவை. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி லவ்ரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951-இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஏராளமான ஆய்வகங்கள் அந்த முறையைப் பயன்படுத்தின என்பதுதான் அதன் பொருள்.

சராசரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளுக்குச் சில மேற்கோள்களே வரும். மிகச் சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் வரும்; அவை சராசரியை மேலே இழுத்துவிடும். தாக்கக் காரணி இந்தக் கண்ணியில் நேராகப் போய் விழுகிறது. ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா’ ஏ பிரிவின் தாக்கக் காரணி 2008-இல் 2.051. அடுத்த ஆண்டே 49.926. காரணம், படிகக் கட்டமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி 2008-இல் வந்த ஒரே ஒரு கட்டுரை. அது கணக்கை விட்டு வெளியேறிய 2011-இல் எண் மறுபடி 2-ஐ ஒட்டி இறங்கியது. அந்த ஆய்விதழில் வந்த மற்றக் கட்டுரைகள் அந்த இடைவெளியில் 24 மடங்கு சிறந்துவிடவில்லை. ஆய்விதழின் எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடுவது அநீதி என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஒரு உதாரணமே போதும். சராசரிக்குப் பதில், ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை அந்தந்தக் குழுவின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருகின்றன என்று பார்ப்பது பாதுகாப்பான வழி.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் தந்த எச்-குறியீடு வேறு வகை. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசையாக அடுக்கி, குறைந்தது h மேற்கோள் பெற்ற கட்டுரைகள் h இருக்கும் மிகப் பெரிய h எது என்று பார்ப்பது அது. மேற்கோள்கள் 48, 22, 15, 9, 6, 5, 2 என்று இருந்தால், ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 உண்டு, ஆறாவதற்கு 6 இல்லை. எனவே குறியீடு 5. வேறொருவருக்கு 900, 300, 4, 2 என்றால் குறியீடு 3 மட்டுமே. வயதோடு ஏறுமே தவிர இறங்காது. ஆகவே இளம் ஆய்வாளரை மூத்தவரோடு ஒப்பிட அது உதவாது.

இனி இணை ஆசிரியர் வலைப்பின்னல். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு முனை; சேர்ந்து எழுதியவர்களுக்கு இடையே ஒரு கோடு. ஒரே பெயரில் பலர் இருப்பதும், ஒருவரே பல விதமாகத் தன் பெயரை எழுதுவதும் இங்கே பெரிய தலைவலி. 2012-இல் தொடங்கிய ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகத்தான். கோடு போடும்போது இன்னொரு கோளாறு வரும். 5 பேர் எழுதிய கட்டுரை 10 கோடுகளைத் தரும். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அது ஒன்றே 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல் கோடுகளைக் கொட்டிவிடும். இயற்பியலாளர் மார்க் நியூமன் 2001-இல் காட்டிய வழி: n பேர் எழுதியிருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் 1/(n−1) எடை கொடுப்பது. அப்போது ஒரு கட்டுரை வழியாக ஒருவருக்குக் கிடைக்கும் மொத்த எடை எப்போதும் 1. வலைப்பின்னலில் அதிகக் கோடுகள் உள்ளவர்தான் முக்கியமானவர் என்றும் இல்லை. இரண்டு குழுக்களுக்கு இடையே வேறு வழி இல்லாதபோது நடுவே நிற்பவரை இடைமை மையத்தன்மை என்ற அளவு காட்டிக்கொடுக்கும்.

யார் யாரை மேற்கோள் காட்டினார் என்ற வலைப்பின்னலையும் இந்த இணை ஆசிரியர் வலைப்பின்னலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போதுதான் எண்கள் பேசத் தொடங்குகின்றன. ஒருவருக்கு வந்த மேற்கோள்களை மூன்றாகப் பிரியுங்கள்: அவரே தந்தவை, கடந்த ஐந்து ஆண்டுகளில் அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் தந்தவை, வெளியாட்கள் தந்தவை. முதல் இரண்டும் குற்றம் ஆகாது. தொடர் ஆய்வு தன் முந்தைய படிகளைச் சுட்டத்தான் செய்யும், சிறிய துறையில் எல்லோரும் எல்லோருக்கும் கூட்டாளிகள்தான். ஆனால் அதே துறையில் உள்ள மற்றவர்களுக்கு வெளியாட்கள் பங்கு அதிகமாகவும் இவருக்கு மட்டும் மிகக் குறைவாகவும் இருந்தால், மேற்கோள் வந்த கட்டுரைகளைத் திறந்து, எந்த வாக்கியத்தில், எதற்காக அவர் பெயர் வருகிறது என்று படித்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.