வேர் விடுக்கும் அழைப்பு, விழித்துக்கொள்ளும் களை

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய ஊர்களில் மழை தாராளம். வருடத்துக்கு இரண்டு போகம் மக்காச்சோளம் போடுகிறார்கள். ஆனாலும் பல வயல்களில் எக்டேருக்கு ஒரு டன் தேறுவதே பாடு. மண், உரம், களை எனக் காரணங்களைத் தனித்தனியாக அடுக்கலாம். வயலிலோ அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பயிரின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையான சுடுமல்லியை நம்மூர்க் கரும்பு, சோள விவசாயிகளுக்குத் தெரியும். அதன் ஊதாப்பூ உறவுதான் அங்கே வில்லன். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். தூசு போன்ற அந்த விதை மண்ணில் பத்து வருடம்கூடக் காத்திருக்கும். எதற்காக? பயிரின் வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளுக்காக.

1966-இல் பருத்தி வேரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். (பருத்தியைச் சுடுமல்லி தாக்குவதில்லை என்பது வேடிக்கை.) ஒரு செடி தன் எதிரியை எதற்கு எழுப்பிவிட வேண்டும்? 2005-இல்தான் விடை கிடைத்தது. அந்த அழைப்பு களைக்கு அல்ல, வேர்ப்பூஞ்சைக்கு. பூஞ்சை இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். சுடுமல்லி இதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான்.

மணிச்சத்து குறையக் குறைய, வேர் இந்தப் பொருளை அதிகம் கசியவிடும். அப்பகுதியின் பழைய, அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. உரம் வாங்கக் காசில்லாதவர் வயலில்தான் சுடுமல்லி அதிகம் முளைப்பது இதனால்தான். அது தரைக்கு மேல் தலைகாட்டும்போது வேரை உறிஞ்சி முடித்திருக்கும். அப்புறம் களை பறித்தால் அடுத்த போகத்துக்கு விதை சேராமல் தடுக்கலாம், இந்தப் போகத்தைக் காப்பாற்ற முடியாது.

நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இசிப்பே பூச்சியியல் மையம் பரப்பிய வழி, டெஸ்மோடியம் என்ற பயறு இனத் தீவனச் செடியை ஊடுபயிராக விடுவது. அதன் வேர்க்கசிவு களை விதையை முளைக்க வைக்கும். ஆனால் மக்காச்சோள வேரில் ஒட்டவிடாது. முளைத்த களை பட்டினியில் சாகும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மண்ணில் சேரும். மாடு வைத்திருப்பவருக்குத் தீவனமும் ஆச்சு. மாடில்லாதவருக்குத்தான் இதில் ஆதாயம் குறைவு. விதைக்கும் செலவழித்து, செடி படரும் வரை கைக்களையும் எடுக்க வேண்டும்.