பேப்பர் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்: வேலையை விடுபவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

அடுத்த வேலை கையில் இல்லாமல் பேப்பர் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, அரசு மாதாமாதம் ஏதாவது தருமா என்பதுதான். தராது. இந்தியாவில் தானாக வேலையை விட்டவருக்கென்று உதவித்தொகை கிடையாது. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்றொரு திட்டம் 2018 ஜூலையில் வந்தது. சராசரி தினச் சம்பளத்தில் பாதியை, வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை தரும். ஆனால் அது வேலை பறிபோனவர்களுக்கு. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயதாகி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் எல்லாரையும் அதன் விதிகளே தள்ளிவைக்கின்றன. ராஜினாமா செய்பவர் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட வேண்டாம்.

தமிழ்நாடு அரசின் வேலையற்றோர் உதவித்தொகையோ, பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான். அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆக, கைக்கு வருவதெல்லாம் நீங்கள் உழைத்துச் சேர்த்ததுதான். அது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, எந்தத் தேதியில் வெளியேறுகிறீர்கள் என்பது.

கிராஜுவிட்டியில், அதாவது நீண்ட சேவைக்காக நிறுவனம் தரும் பணிக்கொடையில், இது பளிச்சென்று தெரியும். ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தால், ராஜினாமா செய்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு. 'நீங்களாகத்தானே போகிறீர்கள்' என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் போன உபரிக் காலம் ஒரு முழு ஆண்டாகக் கணக்கில் ஏறும். அடிப்படைச் சம்பளம் 26,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வருடம் 5 மாதத்தில் விலகினால் 90,000 ரூபாய். அதே ஆள் 6 வருடம் 7 மாதத்தில் விலகினால் 1,05,000. இரண்டு மாதத்தில் 15,000 ரூபாய் வித்தியாசம்.

ஐந்து வருடம் முடியச் சில மாதங்களே பாக்கி என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் 190 நாள் போதும். எல்லா நிறுவனமும் இதைக் கேட்டவுடன் தலையாட்டாது. தீர்ப்பைக் காட்டி எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும். நான் ஒரு வேலையை நான்கு வருடம் ஐந்து மாதத்தில் விட்டேன். இந்த நாள் கணக்கு எனக்குத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒப்பந்தக் காலம் குறித்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு போதும், அந்த விகிதத்தில் கிராஜுவிட்டி கிடைக்கும். அடிப்படைச் சம்பளத்தைச் சொற்பமாகக் காட்டி மீதியையெல்லாம் படிகளாகப் பிரித்துப்போடும் பழைய வித்தைக்கும் கடிவாளம் விழுந்திருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கருதப்படும். இன்னொரு மாற்றம், கடைசிச் சம்பளம். ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள் ஆகும்' என்று எச்ஆர் சொன்னால், சம்பளத்துக்கு அந்தப் பேச்சு இனி செல்லாது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தாமதித்தால் வட்டி சேர்த்துத் தர வேண்டும்.

அடுத்து பிஎஃப் என்கிற வருங்கால வைப்புநிதி. வேலையை விட்டு ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம் என்பதுதான் நாம் பழகிய விதி. 2025 அக்டோபர் 13 அன்று வருங்கால வைப்புநிதியின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் வேலையில்லாமல் இருக்க வேண்டும், பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். முழுப் பணமும் இரண்டே மாதத்தில் வரும் என்று இஎம்ஐ கணக்குப் போட்டுவைத்திருப்பவர்கள் அதை இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிட வேண்டியதில்லை. 2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், வேலையை விட்ட பிறகும் கணக்கில் வட்டி சேரும், அந்த வட்டிக்கு வரி உண்டு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். மொத்தச் சேவை ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருக்கும்போது எடுத்தால், எடுக்கும் தொகைக்கும் வரி. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 10 சதவீதத்தை டிடிஎஸ்-ஆக, அதாவது வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பழைய நிறுவனத்தின் பிஎஃப்பை இப்போதைய கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த ஆண்டுகளும் ஐந்தில் சேரும். மாற்றாமல் விட்டவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வேண்டும். எட்டு, ஒன்பது ஆண்டு சேவையோடு இருப்பவர் படிவம் 10-சி போட்டுப் பென்ஷன் பங்கைத் துடைத்து எடுப்பதைவிட, அதே படிவத்தில், சேவை ஆண்டுகளைக் காட்டும் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிவைப்பது மேல். அடுத்த வேலையில் கணக்கு அங்கிருந்தே தொடரும்.

நிறுவனம் உங்கள் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) போர்ட்டலில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம்.

மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள், மனஉளைச்சலில் உடம்பு கெட்டிருக்கிறது என்றால், ராஜினாமாவுக்கு முன் இஎஸ்ஐ மருத்துவரைப் பாருங்கள். உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக, ஓராண்டில் 91 நாள் வரை கிடைக்கும். மூன்று மாதம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது, வேலையும் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் விடுங்கள். விட்டவுடன் மருத்துவ வசதி அறுந்துபோகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டிவிட்டு ஜூலைக் கடைசியில் விலகினாலும், உங்களுக்கும் குடும்பத்துக்கும் அடுத்த ஜூன் வரை சிகிச்சை உண்டு.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறினால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் வீண்போகாது. வீட்டில் சர்க்கரை, பிபி உள்ள பெற்றோர் இருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதைச் சொல்வது உங்கள் நியமனக் கடிதம். 90 நாள் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் 90 நாள்தான். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க நீதிமன்றமே உத்தரவிடாது. நிறுவனம் கேட்கக்கூடியது இழப்பீட்டை மட்டும்தான், பெரும்பாலும் மீதி நாட்களின் சம்பளத்தை. இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர்கள் அதை வெற்றுக் காகிதம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரெகார்ட் சுத்தமாக இருக்கும்' என்று மேலாளர் கனிவாகச் சொன்னால் அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், நோட்டீஸ் தவிர ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். புதிய சட்டப்படி, வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளமும் சேரும். ராஜினாமாக் கடிதம் எழுதிய நிமிடமே இரண்டும் போய்விடும். நேரம் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன் சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான பதில் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். யுஏஎன்-னில் இருப்பது அலுவலகம் கொடுத்த சிம் எண் என்றால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். பிஎஃப் பணம் எடுக்க ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.