பேணல்: ‘டிஜிட்டல் பிரிசர்வேஷன்’ தமிழில் என்ன?

போன மாதம் எங்கள் சங்கத்தின் சுற்றறிக்கையில் ஒரு வரி போட்டோம்: “சங்கத்தின் எண்ணிமப் பாதுகாப்புக்கு உறுப்பினர்கள் ஒத்துழைக்க வேண்டும்.” எண்ணிமம் என்றால் டிஜிட்டல். பழைய கூட்டக் குறிப்பு, ரசீது, படம் என்று எது யார் வீட்டில் கிடந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள், கணினியில் ஏற்றிப் பல வருடத்துக்கு அழியாமல் வைக்கப்போகிறோம் என்பதுதான் சொல்ல வந்தது. ஒரு தாள்கூட வரவில்லை. வந்தது மூன்று தொலைபேசி அழைப்பு. வங்கி பேரில் வரும் மோசடி அழைப்பைப் பற்றித்தான் கூட்டமா, கடவுச்சொல்லை மாற்றணுமா என்று கேட்டார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. ‘பாதுகாப்பு’ என்றால் இன்றைக்குத் திருடனுக்கு எதிராகக் கதவைப் பூட்டுவது. எங்கள் எதிரி திருடன் இல்லை, கரையான். கணினிக்குள்ளும் கரையான் உண்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பினாங்கில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு, அதனால் இந்தப் பழைய தாள் விவகாரங்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். சரி, இந்தச் சொல்லை நானே தேடிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ‘ஆர்க்கைவ்’, பழைய பத்திரங்களைக் காத்து வைக்கும் இடம். மலாயில் ‘அர்கிப்’. கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில், பழைய ஜாலான் டூத்தாவில், இருக்கும் ‘அர்கிப் நெகாரா’வை நாம் தேசிய ஆவணக் காப்பகம் என்கிறோம். 1957 டிசம்பரில் பொதுப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கி, 1963இல் இந்தப் பேருக்கு மாறியது. இந்தோனேசியர்கள் ‘அர்சிப்’ என்பார்கள், அது டச்சுக்காரர் விட்டுப்போனது. எல்லாவற்றுக்கும் மூலம் கிரேக்க மொழியின் ‘அர்க்கேயோன்’, அதாவது ஆட்சியாளர் வீடு. ஆட்சி செய்பவன் வீட்டில்தான் ஊர்ப் பத்திரங்கள் இருந்தன, அதனால் வீட்டின் பேர் பத்திரக் கட்டுக்கு வந்துவிட்டது. பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் அதிகாரம் என்பதை அந்தச் சொல் மறைக்கவே இல்லை.

நம்முடைய ‘ஆவணம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் கடைவீதி என்றும் ஒரு பொருள் இருக்கிறது (கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவனுக்கு அதைப் படித்ததும் ஒரு சின்னச் சந்தோஷம்). பத்திரம் என்ற பொருளிலும் சொல் பழசுதான். அகநானூறு 77ஆம் பாட்டில் ‘ஆவண மாக்கள்’ வருகிறார்கள். கயிற்றால் கட்டிய குடத்துக்குள் ஓலை இருக்கிறது, மேலே பொறி, அதாவது முத்திரை. அவர்கள் முத்திரையைப் பார்த்து, அதை நீக்கிவிட்டு, ஓலையை வெளியே எடுக்கிறார்கள். உவமை என்னவோ பயங்கரமானது, போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் வீரனின் குடலைக் கழுகு இழுப்பதற்கு இதைச் சொல்கிறார் புலவர். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி அதற்குள் இருக்கிறது: முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள், அப்புறம்தான் ஓலையைத் தொடுகிறார்கள். மலேசியாவின் எண்ணிமக் கையொப்பச் சட்டம் 1997 தேடுவதும் இந்தப் பொறியைத்தான். கையொப்பமிட்ட பிறகு கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிட நெருக்கமான ஒன்று பெரியபுராணத்தில், சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில். கல்யாணப் பந்தலுக்கு வந்த கிழவர், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்தது என்று ஓர் ஓலையைக் காட்டி, இவன் எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது சபை. நடைமுறை, பத்திரம், சாட்சி. கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அதோடும் முடியவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பி’லிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. அரண் தருகிற காப்பு, அதாவது எளிதில் யாரும் கைவைக்க முடியாத இடம். சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில்.

அப்படியென்றால் ‘காப்பு’ என்றே வைத்துவிடலாமே? எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. எங்கள் பொருளாளரிடம் “நெடுங்காப்பு எப்படி அண்ணே?” என்று கேட்டேன். தே தாரிக் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை பவுன்?” என்றார்.

வளையலும் காப்பு, திருவிழாவுக்குக் கையில் கட்டுவதும் காப்பு என்பது இருக்கட்டும், சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. கணினித் தமிழில் ‘பேக்கப்’புக்குக் காப்பு நகல், காப்புப் பிரதி என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். பேக்கப் இருந்தால் ஆவணம் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். எங்கள் சங்கமும் அப்படித்தான் நினைத்தது.

எங்களுக்கு 1999ஆம் ஆண்டு பொதுக்கூட்டக் குறிப்பு ஒன்று தேவைப்பட்டது. இப்போது இருக்கும் இடத்தை வாங்கத் தீர்மானம் போட்ட கூட்டம் அது. காகிதம் இல்லை, வீடு மாறும்போது “எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்று யாரோ பழைய தாள்களைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். உண்மைதான், கம்ப்யூட்டரில் இருந்தது. குறுந்தட்டில் ஒன்று, பிறகு எடுத்த வன்தட்டில் ஒன்று, இரண்டும் நன்றாகவே திறந்தன, ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. திறந்தால் ஆங்கில எழுத்துக்குக் கொம்பும் வாலும் முளைத்த மாதிரி இரண்டு பக்கம். தமிழ் ஒரு எழுத்து இல்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1991இலேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும் நம் கணினிகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை டிஸ்கி என்றும் டாம், டாப் என்றும் ஆளுக்கொரு வழி. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் கொம்பும் வாலும்தான். குறியீடு எது என்று ஊகித்து, மாற்றியில் போட்டு, யுனிகோடுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு இரவு பிடித்தது. ஆனால் தட்டச்சு செய்தவர் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் வேறோர் எழுத்துரு போட்டிருக்கிறார். தீர்மானம் கிடைத்தது, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்பது இன்னும் கொம்போடுதான் நிற்கிறது. நான் சொன்ன கரையான் இதுதான். அது தாளைத் தின்னாது, படிக்கும் வழியைத் தின்னும்.

இனிச் சட்டம். ‘எண்ணிம ஆவணங்களை நெடுங்காலம் பேணும் சட்டம்’ என்று மலேசியாவில் ஒரே சட்டம் கிடையாது. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைப் படிக்கும்போது நான் கவனித்தது, எதுவும் சேமித்து வைத்தால் போதும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. மின் வணிகச் சட்டம் 2006 (சட்டம் 658) வணிக ஆவணத்தை மின்வடிவில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது, ஆனால் நிபந்தனையோடு. உருவான வடிவிலோ, அதே செய்தியைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். பின்னாளில் எடுத்துப் பார்க்கவும் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிய வேண்டும். எங்கிருந்து எங்கே போனது, எந்த நாள், எந்த நேரம் என்பதும் கூடவே நிற்க வேண்டும். நம் கொம்பு வால் கோப்பு இரண்டாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடும். ‘மூலம்’ எது என்பதற்கும் அந்தச் சட்டத்தில் விடை உண்டு: முதன்முதலில் முடிவான வடிவம் பெற்ற நேரத்திலிருந்து மாறாமல் இருக்கிறது என்று நம்பத்தகுந்த உறுதி வேண்டும். கணினியில் மூலவோலைக்கும் படியோலைக்கும் வித்தியாசம் கிடையாது, அதனால் எது முதல் என்று கேட்பதை விட்டுவிட்டு, மாறாமல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உயில், வாக்குறுதிப் பத்திரம், அறக்கட்டளை ஏற்படுத்தும் பத்திரம், அதிகாரப் பத்திரம் முதலியவை இதில் அடங்காது, அவற்றின் காகிதத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரிக்கு 7 வருடம், நிறுவனச் சட்டம் 2016இன்படி கணக்குப் பதிவுகளுக்கும் 7 வருடம் என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. வரிக்காகக் கையால் எழுதி வைத்த கணக்கைப் பிறகு ஸ்கேன் செய்து கணினிக்கு மாற்றினால், பழைய காகிதத்தையும் அதே காலத்துக்கு வைத்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்துவிட்டோம், தூக்கிப் போடலாம் என்பது தப்பு. இதைச் சொன்னால் என்மேல்தான் கோபப்படுகிறார்கள். பழைய பினாங்குச் செட்டியார் கிட்டங்கிகளில் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று எழுதி வைத்த மையெல்லாம் எப்படி நின்றது! நம் கடை ரசீதுச் சுருள் வெப்பத்தாள், சட்டைப் பையில் நாலு மாதம் இருந்தாலே வெளுத்துப் போகும்.

அரசாங்கத் தரப்புக்குத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் 2003 (சட்டம் 629). 1966இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக இது வந்தது. ‘பதிவு’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் காகிதம், வரைபடம், படச்சுருள், ஒலிப்பதிவு என்று வரிசையாக வந்து, மின்னணு முறையில் உருவான பதிவும் சேர்ந்துகொள்கிறது. அரசுப் பதிவு எதையும் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது. மின்னஞ்சலைத் தட்டி அழிப்பதும் அதில்தான் வரும். எதிர்த்திசையில் இழுப்பது தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. தேவை முடிந்த பிறகு மற்றவரின் விவரத்தை வைத்திருக்காதே என்கிறது. வணிகத்துக்காகத் திரட்டிய தரவைப் பற்றியது அது. ஆக, எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைப்பதும் குற்றமாகலாம்.

நீதிமன்றத்தில்? சாட்சியச் சட்டத்தின் 90A பிரிவு கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கிறது, அந்தக் கணினியின் வழக்கமான பயன்பாட்டில் உருவாகியிருக்க வேண்டும். அதற்குக் கணினிப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்று கொடுக்கலாம். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சியில் நடுவில் இருக்கும் ஆவணத்துக்கே அயலார் காட்சி தேவைப்படுகிறது!

இவ்வளவையும் தாங்குகிற சொல் எது? ‘சேமிப்பு’ என்றால் காசு ஞாபகம் வரும், தவிர அது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை. ‘பாதுகாப்பு’ கதை மேலேயே சொல்லியாயிற்று. ‘காப்பு’ பேக்கப்பிடம் போய்விட்டது. எஞ்சுவது ‘பேணல்’. பிள்ளையைப் பேணுகிறோம், உடம்பைப் பேணுகிறோம், விரதத்தைப் பேணுகிறோம். எதையும் ஒருமுறை பேணிவிட்டுப் போய்விட முடியாது, தினமும் பார்க்க வேண்டும். எண்ணிமக் கோப்பும் அப்படித்தான், சில வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, வடிவம் வழக்கொழிந்தால் புதியதற்கு மாற்றி, மாற்றியதையும் எழுதி வைக்க வேண்டும். ஆகவே வேலைக்கு ‘பேணல்’, நீண்ட காலத்துக்கு என்றால் ‘நெடுங்காலப் பேணல்’, இடத்துக்குக் காப்பகம் என்பதே இருக்கட்டும். சட்டத்தில் வரும் ‘ரிட்டென்ஷன் பீரியட்’டுக்குப் புதுச்சொல் வேண்டாம், வைத்திருக்க வேண்டிய காலம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

‘டிஜிட்டல்’? நம் நாளிதழ்கள் இலக்கவியல் என்கின்றன, சிங்கப்பூரில் மின்னிலக்கம், நான் எண்ணிமம் எழுதுகிறேன். சண்டை வேண்டாம், எதைப் போட்டாலும் பக்கத்தில் பேணல் இருந்தால் போதும்.

சங்கக் குறிப்புகளை இப்போது பி.டி.எப்.-ஏ வடிவில் வைக்கிறோம். 2005இல் உலகத் தரமாக வந்த வடிவம் அது, கடைசி ‘ஏ’ நாம் பார்த்த அதே ஆர்க்கைவ்தான். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைத்தாக வேண்டும் என்பது அதன் விதி. சுற்றறிக்கையையும் திருத்தி அனுப்பினோம்: “சங்க ஆவணங்களைப் பேண, உங்கள் வீட்டுப் பழைய தாள்களைக் கொண்டுவாருங்கள்.” மறுநாளே ஓர் அம்மா ரொட்டி டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே ரசீதுகள், பாதி வெளுத்தவை. அடியில் மடித்த தாள் ஒன்று, 1999 கூட்ட அழைப்பிதழ். வந்தவர்கள் பெயரை யாரோ அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார்கள், முன்மொழிந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு.