ரோஸ்டர் சுழலாது

‘சுழற்சி சிதைந்தபோதும் சுழற்பட்டியலின் பலத்தால் டாட்ஜர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது.’

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு பேஸ்பால் கட்டுரையில் இருந்த வரி இது. மூன்று முறை படித்தேன். அந்த ஆட்டத்தை ஓரளவு தொடர்ந்து பார்ப்பதால், முதலில் வரும் ‘சுழற்சி’ பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள், முறைவைத்து எறியும் ஏற்பாட்டைச் சொல்கிறது, அடுத்து வரும் ‘சுழற்பட்டியல்’ ரோஸ்டரை, அதாவது அணியில் இடம் பெற்றவர்களின் பட்டியலைச் சொல்கிறது என்று ஊகித்துக்கொண்டேன். ஆட்டம் தெரியாதவர் என்ன செய்வார்? சுழற்சி சிதைந்த பிறகு சுழற்பட்டியல் மட்டும் எப்படிப் பலமாக இருக்கும் என்றுதான் கேட்பார். அவர் கேள்வியில் தவறே இல்லை.

இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. வீடியோ வசன வரிகளில் பார்த்திருக்கிறேன், செய்திக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன். ரோஸ்டர் என்று எங்கே வந்தாலும் கை தானாகச் சுழற்பட்டியல் என்று எழுதிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. டச்சு மொழியில் ரோஸ்டர் என்றால் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பிச் சட்டம். தாளில் வரிவரியாகக் கோடு போட்டு எழுதும் பட்டியல் அந்தக் கம்பிச் சட்டத்தைப் போலவே தெரிந்ததால் பட்டியலுக்கும் அதே பெயர் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படைப்பிரிவுகளின் பணிப் பட்டியலுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். நம் ஓட்டல்களில் கேட்கும் நெய் ரோஸ்டும் இந்த ரோஸ்டரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சேவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. இந்தக் கதையில் கோடு உண்டு, கட்டம் உண்டு, பெயர் உண்டு. சக்கரம் எங்கும் இல்லை.

அப்படியானால் ‘சுழல்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? நம் அலுவலகங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும்தான். செவிலியர்களுக்கு டூட்டி ரோஸ்டர் போடுவார்கள்: இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு, பிறகு மறுபடி பகல். அங்கே வேலை உண்மையாகவே முறை மாறி வருகிறது. அரசுப் பணி நியமனத்தில் இட ஒதுக்கீட்டுக்கான ரோஸ்டரை இனச்சுழற்சி என்கிறோம். அதுவும் சரி, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய முறை வரிசையாக வந்து, முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. அந்த இரண்டு இடங்களிலும் சுழற்சி பொருத்தமான சொல். அதை ஆக்கியவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்யும் ரோட்டா என்ற சொல் லத்தீனில் சக்கரத்தைக் குறிப்பது. நம்மவர்கள் அந்த ரோட்டாவின் பொருளை ரோஸ்டர்மேல் ஏற்றிவிட்டார்கள்.

அமெரிக்க விளையாட்டில் ரோஸ்டர் வேறு பொருள். ஓர் அணி தனக்கு உரியவர்கள் என்று பெயர் பதிந்து வைத்திருக்கும் ஆட்களின் பட்டியல் அது. அதில் இடங்களுக்குக் கணக்கு உண்டு. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் அணி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டியல்கள். பெரியதில் 40 பேர். அந்த 40-க்குள் ஆட்டத்துக்குத் தயாராக நிற்பவர்கள் 26 பேர். 2020-க்கு முன்பு இது 25 ஆக இருந்தது; இப்போது செப்டம்பரில் மட்டும் 28 ஆகும். 26 பேரில் பிட்சர்கள் 13 பேரைத் தாண்டக் கூடாது. இடம் நிறைந்துவிட்டால், புதிதாக ஒருவரைச் சேர்க்க ஏற்கெனவே இருக்கும் ஒருவரை எடுத்தாக வேண்டும். அணி மேலாளர்கள் தூக்கத்தைத் தொலைப்பது இந்தக் கணக்கில்தான். யாருக்குக் காயம், எத்தனை நாள், அவர் இடத்தில் யார், அவர் திரும்பி வந்தால் யார் வெளியே போவது?

இதே ஆட்டத்தில் உண்மையாகவே சுழலும் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் பொதுவாக ஐந்து பேர். ஒருவர் இன்று எறிந்தால் அவர் முறை மீண்டும் வர ஐந்தாறு நாள் ஆகும். ஆங்கிலத்திலும் அதற்குச் சுழற்சி என்றுதான் பெயர், தமிழிலும் அது சுழற்சியேதான். ஆக, சுழற்சி என்ற சொல்லுக்கு பேஸ்பாலில் ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். அந்தச் சொல்லைப் பிடுங்கி ரோஸ்டருக்கும் கொடுத்தால் இரண்டும் கெடும்.

எப்படிக் கெடும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியைவிட நல்ல சான்று தேட வேண்டாம். கிளேட்டன் கெர்ஷா தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்டைக் காயப் பட்டியலிலேயே தொடங்கி, ஜூலை 25-இல்தான் திரும்பினார். ஆகஸ்டு முடிவதற்குள் கால்விரல் வலியால் மறுபடி விலகினார். யோஷினோபு யமமோட்டோ தோள்பட்டைக் காயத்தால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இல்லை. டைலர் கிளாஸ்னோ முழங்கைக் காயத்தால் ஆகஸ்டில் போனவர், அந்த ஆண்டு திரும்பவே இல்லை. கேவின் ஸ்டோனும் தோள்பட்டைக் காயத்தால் உட்கார்ந்துவிட்டார். பத்தாண்டுக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தமான ஷோஹெய் ஓத்தானி, முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு ஒரு பந்துகூட எறியவில்லை. ஆனால் மட்டையால் 54 ஹோம் ரன் அடித்து, 59 தளங்களையும் திருடினார், அதாவது பந்து அடிபடாமலே சமயம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார். ஒரே பருவத்தில் இரண்டிலும் ஐம்பதை எட்டியவர் அதற்கு முன் யாரும் இல்லை.

அக்டோபரில் நாக்அவுட் கட்டம் வந்தபோது தொடக்க பிட்சர்கள் என்று எஞ்சியவர்கள் மூன்றே பேர்: யமமோட்டோ, ஜாக் ஃபிளாஹெர்ட்டி, வாக்கர் பியூலர். சுழற்சி உடைந்துவிட்டது. சான் டியேகோ அணிக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். அன்று முழு ஆட்டத்தையும் எட்டு பிட்சர்கள் பங்கிட்டு எறிந்தார்கள். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை, 8-0. இந்த எட்டுப் பேரும் எங்கிருந்து வந்தார்கள்? ரோஸ்டரிலிருந்து. ஒன்று நொறுங்கிக் கிடந்தபோது மற்றது தாங்கிப் பிடித்தது என்பதுதான் அந்த ஆண்டின் கதையே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கதையே சொல்ல முடியாது.

சுழற்பட்டியலுக்காக வாதாடும் நண்பர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, ரோஸ்டர் அடிக்கடி மாறுகிறது, ஆகவே சுழல்கிறது என்பது. மாறுவது வேறு, சுழல்வது வேறு. சுழல்வது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். ராட்டினம் அப்படி, பயிர்ச் சுழற்சி அப்படி, பருவங்கள் அப்படி. ரோஸ்டரிலிருந்து போனவர் திரும்புவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, கிளாஸ்னோ திரும்பவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. அதே அணியின் மட்டை வீரர் ஃபிரெடி ஃபிரீமனுக்குச் செப்டம்பர் இறுதியில் கணுக்கால் பிசகியது. நாக்அவுட் ஆட்டங்கள் சிலவற்றில் அவரால் ஆட முடியவில்லை. ஆனாலும் அணி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக ஆட்டத்தை முடித்துவைத்த ஹோம் ரனை அடித்தவர் அவர்தான். அப்படி ஓர் அடி வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் அதற்கு முன் இல்லை. முறை வந்ததால் அவர் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இடம் கொடுத்து வைத்திருந்ததால் இருந்தார். ரோஸ்டரின் உயிர் ‘இடம்’ என்ற சொல்லில் இருக்கிறது, ‘முறை’ என்ற சொல்லில் இல்லை.

இரண்டாவது வாதம், அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்பது. அகராதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் தரும். எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்று பார்ப்பதுதானே மொழிபெயர்ப்பாளரின் வேலை? முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதற்கு ஆள் எதற்கு?

சரி, மாற்று என்ன? ‘வீரர் பட்டியல்’ என்று எழுதினால் தவறில்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தில் மட்டை பிடிக்கும் வரிசையும் வீரர் பட்டியல்தான், ஏலத்துக்கு வருபவர்களும் வீரர் பட்டியல்தான். கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. இலங்கைத் தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் ‘குழாம்’ என்று அழகாக எழுதுகிறார்கள்: ‘15 பேர் கொண்ட குழாம் அறிவிப்பு’. எனக்கு மிகவும் பிடித்த சொல். தமிழகத்திலும் அது பரவினால் மகிழ்வேன். ஆனால் குழாம் ஆட்களைச் சொல்கிறது. ரோஸ்டர் ஆட்களைவிட அவர்களுடைய இடங்களைச் சொல்கிறது. குழாமில் ஓர் இடம் காலியானது என்பதைவிட, பட்டியலில் ஓர் இடம் காலியானது என்பது காதில் சரியாக விழுகிறது.

ஆகவே நான் எழுதுவது ‘அணிப் பட்டியல்’. அணி என்பதற்கு வரிசை என்ற பொருளும் உண்டு, படை வகுப்பு என்ற பொருளும் உண்டு. படையிலிருந்து வந்த ரோஸ்டருக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. எண்ணிக்கையோடு சொல்ல வேண்டிய இடத்தில் நம்மிடம் ஏற்கெனவே அருமையான வழக்கம் இருக்கிறது. நாயன்மாரை அறுபத்துமூவர் என்கிறோம். கடைச்சங்கப் புலவரை நாற்பத்தொன்பதின்மர் என்றார்கள். கிரிக்கெட்டில் ஆடும் பதினொருவர் என்று எழுதுகிறோம். எண்ணைச் சொன்னாலே இன்னார் அதில் உண்டு, இன்னார் இல்லை என்ற வரையறை வந்துவிடுகிறது. அப்புறம் நாற்பதின்மர் பட்டியல், இருபத்தறுவர் பட்டியல் என்று எழுத என்ன தயக்கம்? அப்படிச் சொல்லிப் பாருங்கள். விதியே புரிந்துவிடுகிறது: இருபத்தறுவரில் சேர வேண்டுமானால் முதலில் நாற்பதின்மரில் இருக்க வேண்டும்.

காயம்பட்டவர்களுக்கான பட்டியலின் கதை இன்னும் வேதனையானது. அதற்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்த பெயர், உடற்குறை உள்ளவர்களைக் குறிக்கும் சொல்லால் ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர்கள், காயத்தையும் மாற்றுத்திறனையும் ஒன்றாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டதை ஏற்று, 2019 பிப்ரவரியில் மேஜர் லீக் அதைக் காயமுற்றோர் பட்டியல் என்று மாற்றியது. நம் மொழிபெயர்ப்புகளில் இன்றும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு ‘மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்’ என்று வருகிறது. தொடைத் தசை பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓய்வெடுப்பவர் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவாரா? எந்தக் குழப்பத்தை நீக்க அங்கே பெயரை மாற்றினார்களோ, அதையே இங்கே புதிதாக உண்டாக்குகிறோம். ‘காயப் பட்டியல்’ என்று சுருக்கமாக எழுதினால் போதும். மட்டை வீரருக்கு 10 நாள், பிட்சருக்கு 15 நாள், பெரிய காயத்துக்கு 60 நாள். 60 நாள் காயப் பட்டியலுக்குப் போனவர் நாற்பதின்மர் கணக்கிலிருந்தும் விடுபடுவார், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். இதையும் சுழற்பட்டியலை வைத்து விளக்க முயன்றால் தலை சுற்றுவதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று. பேஸ்பாலில் ஒருவரை நாற்பதின்மர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவிக்க ஒரு தொடர் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பணிக்காக நியமிக்கப்பட்டார்’ என்று வரும். அப்படியே அச்சாகவும் செய்கிறது. உண்மையில் நடந்தது நேர் எதிர்: அவர் இடம் அந்த நொடியே போய்விட்டது. ஏழு நாளுக்குள் அணி அவரை வேறு அணிக்குக் கைமாற்ற வேண்டும், அல்லது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விட வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். வேலை போனவரைப் பார்த்து, நியமன ஆணை கிடைத்தது என்று எழுதுகிறோம். ‘பட்டியல் நீக்கம்’ என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். சிறு லீக் அணிக்கு அனுப்பப்படுபவரை ‘விருப்பத் தேர்வு செய்யப்பட்டார்’ என்பதும் இதே வகைதான். அதில் அவர் விருப்பம் துளியும் இல்லை. ‘கீழ் அணிக்கு அனுப்பப்பட்டார்’ என்பதே நடந்தது.

தனித்தமிழில் எனக்குப் பிடிப்பு உண்டு. ஆனால் பொருளைத் திரிக்கும் தமிழ்ச் சொல்லைவிட ரோஸ்டர் என்றே எழுதிவிடுவது நேர்மையானது என்று நினைக்கிறேன். தமிழ்ச் சொல் வாசகரை அயல்மொழியின் தயவில்லாமல் பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆங்கில மூலத்தை மனத்துக்குள் திரும்ப வரவழைத்தால்தான் புரியும் என்ற நிலையில் ஒரு தமிழ் வரி இருந்தால், அது தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலம்தான். மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுக்கும் நேரமும் கூலியும் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் வேறுபாடு பார்க்க அதிக நேரம் ஆகாது. அடுத்த வரியைப் படித்தாலே போதும். அந்த வீரர் அணியில் இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கும்.

மெய்ப்புக்கு வந்த அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘தொடக்க பிட்சர்களின் சுழற்சி சிதைந்தபோதும், இருபத்தறுவர் பட்டியலில் இருந்த மற்ற பிட்சர்களின் பலத்தால் டாட்ஜர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது.’ வரி நீண்டுவிட்டதாகப் பதில் வந்தது. நீளட்டும், சுழற்பட்டியலை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.